பிரிகவரிக்குத் தமிழ்: 'முன்தடம்' என்பது என் தெரிவு

அன்பின் ஐயா, ரீச்சர், எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு வான்பொருளைக் கண்டுபிடித்த பிறகு, அதற்கு முன்பே எடுத்த பழைய படத்திலோ பதிவிலோ அதைத் தேடிப் பிடிப்பதை ஆங்கிலத்தில் பிரிகவரி (precovery) என்பார்கள். அதற்குத் தமிழில் நான் சொன்ன 'முன்தடம்' தவிர, இதுவரை முற்பதிவு, முன்மீட்பு, முன்காட்சி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லை விட்டுவிட்டு முதலில் அந்த வேலையைப் பார்ப்போம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள பட்டையில் ஒருவர் புதிதாக ஒரு சிறுகோளைக் காண்கிறார். சில இரவு அளவீடுகளை வைத்துப் போடும் பாதை ஓரளவுக்குத்தான் சரியாக இருக்கும். அதற்குள் அது சூரியனுக்குப் பின்னால் போய்விடும். 1801 ஜனவரி 1இல் இத்தாலியின் பலெர்மோவில் பியாசி என்ற வானியலாளர் கண்ட சீரிஸ் என்ற முதல் சிறுகோளுக்கும் இதுதான் நடந்தது. பெப்ரவரி 11 வரை பார்த்தார், அப்புறம் தவறிவிட்டது. கணிதமேதை காவுஸ் கணக்குப் போட்டுக் கொடுத்த இடத்துக்குக் கிட்ட, அந்த வருடக் கடைசியில் ஃபொன் சாக் என்ற வானியலாளர் அதைத் திரும்பக் கண்டார். தவறியதை இப்படித் திரும்பக் காண்பது ரிகவரி (recovery). இதற்கு ரீச்சர் தந்த 'மீள்காணல்' நன்றாகப் பொருந்துகிறது. 'மீட்பு' என்றால் எங்கள் ஊரில் அடகு நகைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே முன்மீட்பும் வேண்டாம்.

பிரிகவரி வேறு வேலை. ஓரளவு தெரிந்த பாதையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டி, இந்தத் திகதியில் இது இன்ன இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று கணித்து, அன்றைக்கு வேறு எதற்கோ எடுத்த படத்தைத் தேடிப் பார்ப்பது. 1950களில் அமெரிக்காவின் பலோமர் வானாய்வகத்தில் எடுத்த வானப் படத் தட்டுகள் இதற்குப் பெரிய புதையல். தொலைநோக்கி விண்மீன்களோடு சேர்ந்து திரும்புவதால் அவை புள்ளியாக விழும். சிறுகோள் தன்பாட்டில் நகர்வதால் ஒரு மெல்லிய கீறாக விழும். படம் எடுத்தவர் கண்ணிலும் படாமல் அந்தக் கீறு எத்தனையோ வருடம் கிடக்கும். தேடிப் பிடிப்பது அந்தத் தடத்தைத்தான், ஆகவே 'முன்தடம்'. யாரும் கவனிக்காத ஒன்றைக் 'காட்சி' என்பது எனக்கு ஒட்டவில்லை.

'முற்பதிவு' பொருளில் பிழையே இல்லை. ஆனால் கொழும்பு பஸ்ஸில் ஆசனம் பிடிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வேறொன்றாகிவிட்டது.

ஐயா எழுப்பிய கேள்வி கனமானது. 1690இல் பிளாம்ஸ்டீட் என்ற ஆங்கிலேய வானியலாளர் யுரேனஸ் கோளைக் கண்டு, விண்மீன் என்று நினைத்துப் பட்டியலில் எழுதி வைத்தார். ஹேர்ஷல் அதைக் கண்டுபிடித்தது 1781இல். படமே இல்லாத இடத்தில் தடம் எங்கே என்கிறார் ஐயா. பட்டியலில் விழுந்த வரியும் அந்தக் கோள் விட்டுப்போன தடம்தானே? எழுத்து, தட்டு, டிஜிற்றல் படம் மூன்றையும் அந்தச் சொல் தாங்கும் என்று நம்புகிறேன்.

இலக்கணப்படி முற்றடம் என்றல்லவா வரும் என்றும் கேட்டிருந்தார். சரிதான், பொன்னும் தாமரையும் சேர்ந்து பொற்றாமரை ஆவது போல. ஆனால் முதல்முறை படிக்கிற மாணவருக்கு 'முன்', 'தடம்' இரண்டும் தனித்தனியே கண்ணில் பட வேண்டும். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த மண் இது. சொன்னவுடன் விளங்கும் சொல்லைத் தேடுவது நமக்குப் புதிதில்லை.

இவ்வளவு மினக்கெடக் காரணம், சிறுகோளுக்குப் பெயர் வைப்பதே இதில் தொங்கி நிற்கிறது. சீரிஸ் சூரியனைச் சுற்ற 4.6 வருடம் எடுக்கிறது. வானில் சூரியனுக்கு நேரெதிரே வருவது ஏறத்தாழ 15 மாதத்துக்கு ஒருமுறை. பட்டையிலுள்ள ஒரு சிறுகோளுக்கு நிரந்தர எண் கிடைக்கப் பொதுவாக இப்படி நான்கு எதிர்நிலைகளிலாவது பார்த்திருக்க வேண்டும். ஒரு முன்தடம் கிடைத்தால் பாதையில் நாம் பார்த்தறிந்த துண்டு (வில்) ஒரேயடியாக நீண்டு, பாதைக் கணிப்பின் பிழை சுருங்கிவிடும். எண் வந்தபிறகே பெயர். கண்டவர் பத்து வருடத்துக்குள் 16 எழுத்துக்கு மேற்படாத ஒரு பெயரை முன்மொழியலாம். தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் 1988இல் கண்ட 4130ஆம் சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் வந்ததும், எங்கள் தீவில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் 4923க்கு வந்ததும் எண் விழுந்த பிறகுதான்.

'1954ஆம் ஆண்டுத் தட்டில் இதன் முன்தடம் கிடைத்தது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வினையாக வரும்போது 'முன்தடம் காணல்' என்பதா 'முன்தடம் எடுத்தல்' என்பதா என்பதை ரீச்சர் தீர்க்கட்டும். வகுப்பில் அதைச் சொல்லப்போகிறவர் அவர்தான்.