மறு: மறு: மேன்டில் குழி – தமிழில் என்ன?

வணக்கம். மெல்லுடலிகளையும் வளையப்புழுக்களையும் ஒப்பிடும் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே அட்டவணையில் மூன்று குழிகள். சீலோம் உடற்குழி, சரி. ஹீமோசீலுக்கு (உறுப்புகளைச் சுற்றிக் குருதி நிறையும் வெளி) 'குருதிக்குழி', மேன்டில் குழிக்கு (ஓட்டுக்கு அடியில் தொங்கும் மேன்டில் என்ற உடற்சுவர் மடிப்பு சூழ்ந்த வெளி) 'கவசக்குழி' என்று வரைவில் இருக்கிறது. திருத்தம் சொல்லுங்கள்.

> கவசக்குழி

வேண்டவே வேண்டாம். பூமியின் மேன்டிலுக்குக் கவசம் என்பதை இங்கேயும் ஒட்டிவிட்டார்கள். மட்டிக்குக் கவசம் அதன் ஓடு. ஓட்டைச் சுரப்பதுதான் மேன்டில். அறுத்துப் பார்த்தால் தெரியும். முன்பின் மூடுதசைகளை வெட்டியதும் ஓட்டை வெடுக்கென்று தூக்கினால் மேன்டிலும் கிழிந்து கூடவே வரும். விளிம்பை ஒட்டி ஒரு கோடாக அது ஓட்டைப் பற்றியிருக்கிறது. மழுங்கிய முனையால் முதலில் நெம்பி விலக்க வேண்டும். 'போர்வைக்குழி' என்று போடலாம்.

> போர்வைக்குழி

குறள் 273-இல் பெற்றம் (பசு) போர்த்தது புலியின் தோலை. போர்த்துவது எப்போதும் அயற்பொருள். மேன்டிலோ அந்த உயிரின் உடற்சுவரே மடிந்து தொங்குவது. மடி என்பதே பொருத்தம்: மடிக்குழி.

ஐயா, மடி என்றால் மாணவர் பசுவின் மடியை நினைப்பார். வள்ளுவரைக் கேட்டால் சோம்பல் என்பார். எல்லாப் பாடநூலிலும் 'மேன்டில்' இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

பெயர் எதுவானாலும் 'உடற்' என்று தொடங்கக் கூடாது. அது உடலுக்கு வெளியே இருக்கும் இடம்: நீர் வந்து போகிறது, செவுள் தொங்குகிறது, மலவாயும் கழிவுத் துளைகளும் அங்கேதான் திறக்கின்றன. மண்புழுவின் உடற்குழி இடைப்படலம் (கருவின் நடு அடுக்கிலிருந்து வருவது) சூழ்ந்த உள்வெளி. கண்டத்துக்குக் கண்டம் (உடல் வளையம்) தடுப்புச்சுவர் நீரழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. வட்டத்தசை இறுகினால் அந்தக் கண்டம் மட்டும் நீள்கிறது. மெல்லுடலியில் உடற்குழி இதயத்தைச் சுற்றியும் இனச்சுரப்பியிலுமாகச் சுருங்கிவிட்டது. மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கியதுதான் கோளாறு. மேன்டில் குழியைச் சுவாச வரிசைக்கு மாற்றுங்கள்.

> குருதிக்குழி

குருதிக்குச் செந்நிறம் என்றும் பொருள் உண்டு. பெரும்பாலான மெல்லுடலிகளில் ஓடுவது செம்பு சேர்ந்த ஹீமோசயனின், உயிர்வளி சுமக்கும் புரதம். உயிர்வளி ஏறினால் நீலம், இறங்கினால் நிறமில்லை. சிவப்புக் குருதி மண்புழுவுக்குத்தான், அதுவும் பிளாஸ்மாவில் கரைந்த ஹீமோகுளோபினால்.

நிறத்தைப் பார்த்தால் இரத்தமும் தப்பாது. அதற்கும் வேர் சிவப்புதான், வடசொல் வேறு.

சரி, நேரமில்லை. பெரும்பாலோர் சொன்னபடி போர்வைக்குழி. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் மேன்டில். குருதிக்குழி அப்படியே. சுவாச வரிசைக்கும் மாற்றியாயிற்று.

மடிக்குழியே சரி என்ற என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவாய்க்குக் குருதிக்குழி 'உண்டு' என்று போட்டுவிடாதீர்கள். அதற்கு மூடிய குருதி ஓட்டம், நாளங்களுக்குள்ளேயே.