குளிர்கால வாரம்: ஐஸ் விளையாட்டு, அக்கறை, சமையல் மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

மழலைவகுப்பு:
வணக்கம். என் வகுப்பில் 3 முதல் 4 வயதுவரை 18 பிள்ளைகள், நானும் ஒரு உதவியாளரும். குளிர் கூடிவிட்டதால் வெளியே விடும் நேரம் குறைந்துபோய், உள்ளேயே அடைந்து கிடக்கிற பிள்ளைகள் மதியத்துக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் அடுத்த வாரம் முழுக்கக் குளிர்காலத்தை வைத்தே நடத்தலாம் என்று இருக்கிறேன். ஒரு நாள் ஐஸ் விளையாட்டு, ஒரு நாள் அடுத்தவருக்கு உதவுவது, ஒரு நாள் சமையல் என்று பிரித்திருக்கிறேன், ஆனால் எழுதிப் பார்த்தால் அந்த நடு நாள் வெறும் அறிவுரையாகத்தான் இருக்கிறது. வகுப்பில் அடுப்பு கிடையாது. ஒரு பிள்ளைக்கு முட்டையும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது. இப்போது பாதிப் பேருக்கு மூக்கு வேறு ஒழுகுகிறது, இந்த நேரத்தில் சேர்ந்து சமைப்பது சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்குடை:
நடு நாளை எடுத்துவிடுங்கள் டீச்சர். அக்கறைக்கென்று தனி நாள் வேண்டாம், ஐஸ் தட்டிலேயே அது வந்துவிடும்.

சின்ன பொம்மை விலங்குகளைத் தண்ணீரில் போட்டு உறையவைத்து, மறுநாள் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பொம்மையை டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளாகவே இருக்கட்டும். நாமே உறையவைத்துத் திடீரென்று கொண்டுவந்து நீட்டினால், இந்த வயதில் சிலருக்குக் கரடி செத்துப்போச்சு என்றே தோன்றும், அழுதுவிடுவார்கள். தாங்களே போட்டது என்றால் காலையில் வந்ததும் "என் கரடி எங்கே" என்று தேடுவார்கள். டப்பாவை விளிம்புவரை நிரப்ப வேண்டாம், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கண்ணாடிப் பாத்திரம் பக்கமே போகாதீர்கள்.

மறுநாள் ஒரு தட்டுக்கு நாலு பேருக்கு மேல் நிறுத்தாதீர்கள், சண்டை பாதி குறையும். வெதுவெதுப்பான தண்ணீர், டிராப்பர், ஸ்பூன், இவை போதும். உப்பு தூவினால் ஐஸில் குழி குழியாக விழுந்து அதன் வழியே தண்ணீர் ஓடும், பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். ஆனால் உப்பு நீங்கள்தான் தூவ வேண்டும், உப்புப் போட்ட ஐஸை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. உப்பு சேர்ந்தால் ஐஸ் உருகும்போதே 0 டிகிரிக்குக் கீழே வெகுவாக இறங்கிவிடும், நன்றாகக் கலந்தால் -20 வரைகூடப் போகும், கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே தோல் புண்ணாகிவிடும்.

பக்கத்தில் ஒரு துண்டும் கொஞ்சம் கம்பளித் துணியும் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கரடி வெளியே வந்ததும் யாராவது ஒரு பிள்ளை துடைத்துப் போர்த்திவிடும், பார்த்து மற்றதுகளும் செய்யும். அடுத்து "இதுக்குப் பசிக்குது" என்று ஒரு குரல் வரும், சமையலை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

அகப்பை:
அடுப்பு இல்லாவிட்டால் வெண்ணெய் எடுங்கள்! கொழுப்பு அதிகமுள்ள க்ரீமை, இறுக்கமான மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்குவதுதான் வேலை. முதலில் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். அப்புறம் க்ரீம் கெட்டியாகிச் சத்தமே நின்றுவிடும், அந்தக் கட்டத்தில் கை வலிக்கிறது என்று விட்டுவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். இன்னும் கொஞ்சம் குலுக்கினால் திடீரென்று உள்ளே கட்டி ஒரு பக்கம் மோதும், மோர் பிரிந்து மறுபடி சளக்கென்று கேட்கும். அந்த நொடியில் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதை ரொட்டியில் மழுங்கிய கத்தியால் தடவிக்கொள்வது அவர்களுக்குப் பெரிய விஷயம், அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

முட்டை, வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு வெண்ணெயால் சிக்கல் இல்லை, ரொட்டியில்தான் இருக்கலாம். சில ரொட்டிகளில் முட்டை சேர்க்கிறார்கள், லேபிளைப் படித்து, அந்தப் பெற்றோருக்கும் அதைக் காட்டிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு என்று செய்வதைவிட, அது சாப்பிடக்கூடியதையே எல்லோருக்கும் வைப்பதுதான் என் வழக்கம்.

மழலைவகுப்பு:
வெண்ணெய் அருமை, கண்டிப்பாகச் செய்கிறேன். கூடவே சூப்புக்குக் காய் நறுக்கவும் விடலாமா? அடுப்பு வேலையைப் பள்ளிச் சமையலறையில் பார்த்துக்கொள்வார்கள்.

கைக்குட்டை:
விடலாம். காளான், வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி மெத்தென்று இருப்பதை மட்டும் நறுக்கக் கொடுங்கள், கீரை கிள்ளுவது, காய் கழுவுவது எல்லோருக்கும் வரும். வேலை செய்துகொண்டே வாயில் போடுவார்கள், அதனால் வட்டமாக வெட்டிய பச்சைக் கேரட், முழுத் திராட்சை, முந்திரி, பாதாம் மாதிரிக் கொட்டைகள் எதுவும் மேசையில் இருக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளை ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். செய்முறையைப் படமாக வரைந்து அட்டையாக வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று காட்டிச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள், பாத்திரத்தைத் தொடாமலே சமையலை நடத்துவது அவர்களாகிவிடும். மற்றவர்கள் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவிவிட்டு வரட்டும். காய்ச்சல் இருந்தால் மட்டும் வீட்டில் இருப்பதுதான் சரி.

நீலக்குடை சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மாற்றுவேன். பேசாமல் இருந்தால் எப்போதும் அதே இரண்டு மூன்று பேர்தான் முன்னால் வந்து உதவுவார்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு நாம் ஒரு இடம் பிடித்துத் தர வேண்டும். வெளியே போகும் முன் ஜாக்கெட் போடும் நேரம் அதற்கு நல்லது. ஜாக்கெட்டைத் திறந்தபடி தரையில் விரித்து, கழுத்துப் பகுதி பிள்ளையின் கால் பக்கம் இருக்கும்படி வையுங்கள். குனிந்து இரண்டு கையையும் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் மாட்டிக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளைக்கும் வரும். இதை முதலில் உங்கள் வகுப்பிலேயே ரொம்பப் பேசாத பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள், பிறகு யாருக்காவது ஜாக்கெட் சிக்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையிடம் அனுப்புங்கள்.