விர்ச்சுவல் மெஷினுக்கு எவ்வளவு ராம் கொடுத்தால் பேச்சு திக்காது? அனுபவப் பகிர்வு (எழுதுபவர்கள் ஊர்ப் பெயரில்)

தங்கச்சிமடம்

லேப்டாப் 8 ஜிபி, விண்டோஸ் 11, பார்வையற்ற நமக்குத் திரையைப் பேசிக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 10 போட்டு அதிலும் என்விடிஏ. 4 ஜிபி கொடுத்தால் பேச்சு திக்குது. 6 ஜிபி ஆக்கினால் உள்ளேயும் திக்குது, வெளியேயும் திக்குது. ராம் கூட்டக் கூட்ட மோசமாவது எப்படி? கை வைத்துப் பார்த்தவர்கள் எண்ணோடு சொல்லுங்க.

கீழக்கரை

கூட்டினதாலதான் மோசமாகுது தம்பி. குரல் கெஸ்டுக்குள்ளே (உள்ளே ஓடும் மெஷின்) உருவானாலும் காதுக்கு வந்து சேர்வது ஹோஸ்டின் (வெளியே இருக்கும் நிஜக் கணினி) சவுண்ட் டிரைவர் வழியாகத்தான். ஹோஸ்டுக்கு ராம் பத்தாமல் போனால் அது நினைவகத்தில் இருப்பதை டிஸ்குக்குத் தள்ளவும் திரும்ப எடுக்கவும் ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் ஆடியோ பஃபர் (ஒலியைச் சற்று முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) காலியாகி, சொல் நடுவில் அறுபடும். 8 ஜிபியில் 6 ஜிபியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் விண்டோஸ் 11க்கு மிஞ்சுவது 2 ஜிபி. அதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சமே 4 ஜிபி.

உங்க 8 ஜிபியும் முழுசா உங்களுக்கில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இதே ராமிலிருந்துதான் போகும். சில ஏஎம்டி லேப்டாப்களில் பயாஸிலேயே 512 எம்பி முதல் 2 ஜிபி வரை அதற்கென ஒதுங்கியிருக்கும். விண்டோஸ் + ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து என்டர் கொடுங்க. பட்டியலில் கீழ் அம்புக்குறியால் இறங்கினால் இன்ஸ்டால்டு, டோட்டல், அவெய்லபிள் என ஃபிசிக்கல் மெமரி மூன்று வரியாக வரும். கணக்குக்கு எடுக்க வேண்டியது அவெய்லபிள் வரி. பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாத்தையும் மூடிட்டுப் பார்க்கணும். அந்த எண்ணில் 1 ஜிபியைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கெஸ்டுக்குக் கொடுங்க. 8 ஜிபி மெஷினில் அது பெரும்பாலும் 3 ஜிபி பக்கம் வந்து நிற்கும், அதாவது 3072 எம்பி. 16 ஜிபி இருந்தால் 6144 தாராளம். ஸ்கிரீன் ரீடருக்காக மட்டும் 8192க்கு மேலே போக எந்த அவசியமும் இல்லை.

மாற்றும் வழி: மெஷின் முழுசா ஷட் டவுன் ஆகியிருக்கணும். சேவ் ஆன நிலையில் இருந்தால் ராம் பெட்டி பூட்டியே இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜர் பட்டியலில் மெஷின் மேல் நின்று கன்ட்ரோல் + எஸ், பிறகு சிஸ்டம், மதர்போர்டு, பேஸ் மெமரி. அங்கே ஸ்லைடரும் எண் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸ்லைடரில் பச்சை, சிவப்பு என்று எல்லை காட்டுகிறார்கள், நமக்கு அது கேட்காது. அதனால் டேப் அடித்து எண் பெட்டிக்குப் போய் நேரே தட்டச்சு செய்வதே நல்லது. டயலாக் பாக்ஸோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்குக் கமாண்ட் ப்ராம்ப்ட் உண்டு: விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம், மேற்கோள் குறிக்குள் மெஷின் பெயர், ஹைஃபன் ஹைஃபன் மெமரி, 3072. ஒரே வரி, என்விடிஏ எழுத்தெழுத்தாக வாசிக்கும்.

தொண்டி

கீழக்கரை காக்கா சொன்னது சரி. ஆனால் எல்லாத் திக்கலும் ராம் திக்கல் இல்லை, காதை வைத்தே பிரிக்கலாம். கெஸ்டில் நோட்பேடைத் திறந்து இருபது வரி எழுதி, கீழ் அம்புக்குறியை வேகமாகத் தட்டுங்க.

சொல் நடுவில் கரகரத்து அறுந்தால் ஹோஸ்ட் பக்கம் நெருக்கடி: ராம், அல்லது சிபியு. குரல் சுத்தமாக, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அரை நொடி தாமதமாகத் தொடங்கினால் ஆடியோ பாதையும் நீங்கள் தேர்ந்த குரலும்தான் காரணம், ராம் கூட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலைந்து நொடி மௌனம், பிறகு ஒரேயடியாகப் பேச்சு என்றால் கெஸ்ட் ராம் பத்தாமல் டிஸ்கில் வைத்திருக்கும் தன் பேஜ் ஃபைலைத் துழாவுகிறது, அங்கே மட்டும் ராம் கூட்டிப் பாருங்க. ஒவ்வொரு முறையும் முதல் அசை மட்டும் காணாமல் போனால் ஆடியோ கருவி தூங்கிவிடுகிறது என்று அர்த்தம். என்விடிஏ செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போனால், பேச்சு முடிந்த பிறகும் கருவியை விழித்திருக்க வைக்கும் நேரம் என்று ஓர் இடம் இருக்கும், அதைக் கூட்டினால் போதும்.

சிபியுவையும் எல்லாரும் தப்பாத்தான் கொடுக்கிறாங்க. நாலு கோர் இருந்தால் கெஸ்டுக்கு 2. நாலையும் கொடுத்தால் ஹோஸ்டின் ஆடியோ வேலைக்கு முறை கிடைக்காது. 3டி ஆக்சிலரேஷனை அணைத்துவிடுங்க, நமக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆடியோ கன்ட்ரோலர் இன்டெல் எச்டி ஆடியோவாக இருக்கட்டும். ஏசி97 வைத்தால் 64 பிட் விண்டோஸுக்குள் டிரைவரே கிடையாது, மௌனம்தான்.

மண்டபம்

இன்னொன்று யாரும் தொடவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வியோடு மோதும்போது விண்டோவின் அடியில் சின்ன ஆமைப் படம் வரும். பார்வையுள்ளவர்கள் அதைப் பார்த்ததும் பிடித்துவிடுவார்கள். நமக்கு அது எந்தச் சத்தமும் போடாது, எதைத் தொட்டாலும் இழுக்கும் அவ்வளவுதான். ராமைக் கூட்டுவோம், கோரைக் கூட்டுவோம், ஒன்றும் நகராது.

கண்டுபிடிக்க: மெஷினை ஒருமுறை ஓட்டிவிட்டு மேனேஜரில் ஷோ லாக் திறந்து, ஸ்னெயில் என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். ஸ்னெயில் எக்ஸிக்யூஷன் மோட் ஆக்டிவ் என்று ஒரு வரி கிடைத்தால் நோய் அதுதான்.

தீர்வு ஹோஸ்டில், ஹைப்பர்-வியை நிறுத்துவது. விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கணும். டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் எடுக்கணும். அப்புறம் ரீஸ்டார்ட். முடிந்ததும் எம்எஸ்இன்ஃபோ32இல் விர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி வரி நாட் எனேபிள்டு என்று சொல்கிறதா பாருங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்ட டபிள்யூஎஸ்எல்2 வைத்திருப்பவர்களுக்கு அது நின்றுபோகும். பாதுகாப்பும் ஒரு படி குறைகிறது. பேங்க் வேலையும் இதே மெஷினில்தான் என்றால் எனக்கு இது சம்மதமில்லை. விர்ச்சுவல்பாக்ஸை விட்டுவிட்டு ஹைப்பர்-விக்கே மாறுவது மேல்.

தேவிபட்டினம்

மாறுங்க, ஆனால் தெரிந்து மாறுங்க. ஹைப்பர்-வி விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடையாது. பேசிக் செஷனில் சத்தமே வராது. என்ஹான்ஸ்டு செஷனில்தான் குரல் வரும், அது உள்ளுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் முறையில் ஓடுகிறது. கெஸ்டும் ஹோம் பதிப்பாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இன்ஸ்டால் செய்யும்போது சத்தம் இல்லாததால் அந்த ஒரு கட்டத்துக்குக் கண் தெரிந்த ஆள் தேவை.

அங்கே ராம் விஷயத்தில் ஒரு பொறி உண்டு: டைனமிக் மெமரி. ஸ்டார்ட்டப், மினிமம், மேக்ஸிமம், பஃபர் 20 சதவீதம் என்று அழகாகத்தான் இருக்கும். கெஸ்ட் சும்மா இருக்கும்போது ராமைப் பிடுங்கிக்கொண்டு, பிரவுசர் திறந்ததும் திருப்பித் தரும். அந்தத் திருப்பித் தரும் இரண்டு மூன்று நொடியில்தான் என்விடிஏ வாய் மூடும். மெஷினின் செட்டிங்ஸில் மெமரி பகுதிக்குப் போய் எனேபிள் டைனமிக் மெமரி டிக்கை எடுத்துவிட்டு ராம் பெட்டியில் 4096 என்று நிலையாக வையுங்க.

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம். அதில் எடிட், ப்ரெஃபரன்சஸ், மெமரி போனால் மூன்று ரேடியோ பட்டன் இருக்கும். முதலாவது, கெஸ்ட் ராம் முழுவதையும் ஹோஸ்டின் ஒதுக்கிய ராமுக்குள் அடக்கச் சொல்வது. அதையே தேர்ந்தெடுங்க. மற்ற இரண்டும் டிஸ்குக்குத் தள்ள அனுமதிக்கிறவை, குரலுக்கு ஆகாது. இதற்கு மேலும் திக்கினால் மெஷினின் விஎம்எக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து மெம்ட்ரிம்ரேட் என்ற வரியைச் சேர்த்து மதிப்பை 0 ஆக்குங்க. சும்மா இருக்கும் பக்கங்களைக் கெஸ்டிடமிருந்து உருவிக்கொள்ளும் வேலை அதோடு நிற்கும்.

ஏர்வாடி

இவ்வளவு பேசறீங்க, ராமை யார் தின்கிறது என்று கேட்கலையே. என்விடிஏ இல்லை. அது சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். ஸ்கிரீன் ரீடர் ஓடுவது தெரிந்ததும் குரோம் ஒவ்வொரு டேபுக்கும் அணுகல் மரம் (பக்கத்தில் என்னென்ன இருக்கு என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் பட்டியல்) ஒன்றைக் கட்டும், அதன்மேல் என்விடிஏ பக்கம் முழுவதையும் இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பார்வையுள்ளவர் 3 ஜிபி கெஸ்டில் பத்து டேப் திறந்தால் நமக்கு நாலைந்தோடு முட்டும். டேபைக் குறைப்பது ராம் போடுவதைவிட மலிவு.

கெஸ்டுக்குள் ஒன்டிரைவ், டீம்ஸ் இரண்டையும் ஸ்டார்ட்டப்பிலிருந்து நீக்குங்க. ஹோஸ்டின் டிஃபெண்டரில் மெஷின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு விலக்கு கொடுங்க. இல்லாவிட்டால் டிஸ்கில் எழுதும் ஒன்றையே ரெண்டு டிஃபெண்டரும் சோதிக்கும்.

குரல் தேர்வும் முக்கியம். தமிழுக்கு என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் குரல் கரடுமுரடாக இருந்தாலும் விசையைத் தட்டியதும் பேசும். விண்டோஸின் வள்ளுவர் குரல் காதுக்கு இதம், மெஷினுக்குள் தாமதம் கூடுதல். வாசிக்க வள்ளுவர், வேலைக்கு இ-ஸ்பீக் என்று என்விடிஏவில் இரண்டு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளலாம்.

பாம்பன்

நம்ம ஊருக்கே உரிய ஒன்று. 16 ஜிபி மெஷின் திடீரென்று நத்தையாகி, 8192 கொடுத்த கெஸ்ட் கிளம்பவே மாட்டேன் என்றால் முதலில் எம்எஸ்இன்ஃபோவில் இன்ஸ்டால்டு வரியைப் பாருங்க. 8 என்று சொன்னால் ஒரு ராம் ஸ்டிக் தொடர்பு விட்டுப்போயிருக்கு. உப்புக் காத்துல அந்த மஞ்சள் பற்களில் படலம் பிடிக்கும். கரன்ட்டை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, ஸ்டிக்கை உருவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் பற்களை ஒரே திசையில் துடைத்து, பத்து நிமிஷம் காயவிட்டுப் போடணும். ஈரத்துணி வேண்டாம். ரப்பர் வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு, அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் வம்பு.

அடுத்தது கரன்ட். ஐப்பசி, கார்த்திகையில் எப்போ போகும் என்று சொல்ல முடியாது. ராம் எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு சேவ் ஸ்டேட் (மெஷினை இருந்த நிலையிலேயே டிஸ்கில் சேமிப்பது) நேரமும் கூடும். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதும் என்று வைத்தால் 3 ஜிபிக்கு அரை நிமிஷம், 8 ஜிபிக்கு ஒன்றரை நிமிஷம் வரை. சாட்டா எஸ்எஸ்டியில் 3 ஜிபி பத்து நொடிக்குள் முடியும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ்ஸிலிருந்து மானிட்டரைப் பிடுங்கிவிடுங்க, நமக்கு எதுக்கு அது. கரன்ட் போனதும் வலது கன்ட்ரோல் + க்யூ, சேவ் தி மெஷின் ஸ்டேட், என்டர்.

தங்கச்சிமடம்

3072, 2 கோர் வைத்ததில் ஹோஸ்ட் சுத்தமாகிவிட்டது. லாகில் ஸ்னெயில் இல்லை. உள்ளே மட்டும் கால் நொடி தாமதம் இருக்கு. இன்னொரு தொல்லை, இன்செர்ட் அடித்தால் ரெண்டு என்விடிஏவும் ஒன்றாகப் பேசுது.

கீழக்கரை

விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவில் நின்று, ஹோஸ்ட் என்விடிஏவுக்கு என்விடிஏ + ஷிஃப்ட் + எஸ் கொடுங்க. லேப்டாப் விசை அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். அந்த ஒரு அப்ளிகேஷனில் மட்டும் ஹோஸ்டுடையது தூங்கும், வலது கன்ட்ரோல் அடித்து வெளியே வந்து வேறு விண்டோவுக்குப் போனதும் பேசும். என்விடிஏவை ரீஸ்டார்ட் செய்தால் மறந்துவிடும், மறுபடி கொடுக்கணும்.

அந்தக் கால் நொடிக்கு வழி உண்டு. என்விடிஏ 2025.1 முதல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றைக் கட்டுப்படுத்தும் ரிமோட் அக்சஸ் உள்ளேயே வருது. ஹோஸ்டில் சர்வரை லோக்கலாக ஓட்டச் சொல்லி, இன்னொரு கணினியைக் கட்டுப்படுத்துவது என்று தேர்ந்து, ஒரு கீ (ரெண்டு பக்கமும் கொடுக்கும் கடவுச்சொல்) வையுங்க. கெஸ்டில் இந்தக் கணினியைக் கட்டுப்படுத்த அனுமதி என்று வைத்து, முகவரியாக 10.0.2.2 கொடுங்க. விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாக வைக்கும் என்ஏடி நெட்வொர்க்கில் கெஸ்டுக்கு ஹோஸ்ட் தெரிவது அந்த எண்ணில்தான். போர்ட் 6837, கீ அதே. சான்றிதழை நம்பலாமா என்று கேட்டால் ஆம். ஃபயர்வாலும் ஒருமுறை கேட்கும். இப்போது கெஸ்டிலிருந்து வருவது ஒலி இல்லை, எழுத்து. அதை ஹோஸ்டின் குரலே வாசிக்கும், ஆடியோ பஃபர் தாமதம் முழுக்கப் போய்விடும். கெஸ்ட் என்விடிஏவின் குரல் அளவைப் பூஜ்யமாக்கிவிடுங்க, இல்லாவிட்டால் எதிரொலி. இந்த முறையில் ஓட்டும்போது ஹோஸ்ட் என்விடிஏவைத் தூங்க வைக்கக் கூடாது.

ஜாஸ் (இன்னொரு ஸ்கிரீன் ரீடர்) கெஸ்டுக்கு இது பொருந்தாது, ரெண்டு பக்கமும் என்விடிஏ வேணும். ஜாஸை, உரிமம் இல்லாமல் ஒரு தடவைக்கு 40 நிமிஷம் மட்டும் ஓடும் முறையில் பழகுபவர்களுக்கு மெஷினில் ஒரு லாபம்: நேரம் முடிந்தால் கெஸ்டை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஹோஸ்ட் வேலை கலையாது.

ராமநாதபுரம்

லினக்ஸ் பக்கம் ஒரு வரி. மாட்டே டெஸ்க்டாப்பும் லினக்ஸின் ஸ்கிரீன் ரீடரான ஆர்காவும் 2048இல் நன்றாக ஓடும், க்னோம் டெஸ்க்டாப் என்றால் 4096 வையுங்கள். லினக்ஸின் ஒலி அமைப்பான பைப்வயரில் கரகரப்பு வந்தால் மினிமம் குவாண்டம் (ஒரு தடவைக்கு அனுப்பும் ஒலித் துண்டின் அளவு) 1024இல் இருக்கும், 2048 ஆக்குங்கள், கொஞ்சம் தாமதம் கூடும், கரகரப்பு போகும். டெபியன் இன்ஸ்டாலர் பூட் மெனுவில் பீப் அடிக்கும் என்பார்கள். மெஷினுக்குள் அந்த பீப் பெரும்பாலும் கேட்காது. காத்திருக்காமல் பத்து நொடி எண்ணிவிட்டு எஸ், என்டர் அடியுங்கள், பேச ஆரம்பிக்கும்.