ஒரே பெயரில் மூன்று செயற்கூறுகள்: டாக்ஸிஜனுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி (பாம்பன்)

அனைவருக்கும் வணக்கம். விசைப்படகு நிற்கும் இடத்திலிருந்து சர்வதேச கடல் எல்லைப் புள்ளிகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்று காட்டும் நிரல் ஒன்றை சி++ மொழியில் எழுதி வருகிறேன். அதில் "தூரம்" என்ற ஒரே பெயரில் மூன்று செயற்கூறுகள் உள்ளன. முதலாவது இரண்டு இடங்களை ஸ்ட்ரக்டாக, அதாவது பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பாகப் பெறுகிறது. இரண்டாவது தசம டிகிரியில் நான்கு எண்களைப் பெறுகிறது. மூன்றாவது டிகிரியையும் நிமிடத்தையும் தனித்தனி எண்களாகப் பெறுகிறது. 1974ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தம் எல்லைப் புள்ளிகளை டிகிரி, நிமிடமாகவே தருவதால் மூன்றாவது கட்டாயம் தேவைப்படுகிறது. முதல் இரண்டும் கடல் மைலில் விடை தருகின்றன. மூன்றாவது கிலோமீட்டரில் தருகிறது.

நிரலில் எழுதும் குறிப்புகளிலிருந்து விளக்கப் பக்கங்களை உருவாக்கும் டாக்ஸிஜன் கருவிக்காக, முதலாவதற்கு முழு விளக்கம் எழுதிவிட்டு, மற்ற இரண்டின் மேல், ஒரே பெயருள்ள செயற்கூறுகளுக்கான ஓவர்லோடு கட்டளையை மட்டும் இட்டேன். "மேலுள்ள செயற்கூறிலிருந்து ஏற்கும் மதிப்புகளில் மட்டுமே வேறுபடுகிறது" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. ஆனால் பக்கத்தில் அதற்கு மேலே இருப்பது தொடர்பே இல்லாத செயற்கூறு. இன்னொரு செயற்கூறின் விளக்கத்தை நகலெடுக்கும் காப்பிடாக் கட்டளைக்கு மாறினால், ஏற்கும் மதிப்புகளை விளக்கும் பராம் கட்டளையில் குறித்த பெயர்கள் இந்தச் செயற்கூறில் இல்லை என்று எச்சரிக்கைகள் வருகின்றன. எந்த முறை சரி?

பதில் (தொண்டி)

தம்பி, வரிசை குலைவதற்குக் காரணம் டாக்ஸிஜனில் உள்ள சார்ட் மெம்பர் டாக்ஸ் என்ற அமைப்பு (செட்டிங்). அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால் விளக்கங்கள் வரிசைப்படுத்தப்பட்டு, "மேலுள்ள" என்ற சொல் சுட்டும் இடம் மாறிவிடுகிறது. அதை "நோ" என்று வைத்து, முழு விளக்கம் உள்ள செயற்கூறை நிரலில் முதலில் எழுதுங்கள். ஓவர்லோடு கட்டளை ஒற்றை வரிக் குறிப்புக்குள் வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதில் (கீழக்கரை)

ஐயா சொன்னது வரிசைச் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அந்த ஆயத்த வாக்கியம் உங்கள் மூன்றாவது செயற்கூறைப் பொறுத்தவரை உண்மையே இல்லை, ஏனெனில் அது விடையின் அலகிலும் வேறுபடுகிறது. அந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் 5 என்ற விடையை 5 கடல் மைல் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கடல் மைல் 1,852 மீட்டர் என்பதால், 5 கிலோமீட்டர் தூரத்தை 9.26 கிலோமீட்டராகப் புரிந்துகொள்வார். எல்லைக்கு அருகில் தொழில் செய்யும் படகுக்கு இது சிறிய பிழை அன்று.

உள்ளீட்டிலும் இதே ஆபத்து உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு புள்ளி வடக்கு 9 டிகிரி 13 நிமிடம் என்று உள்ளது. யாரேனும் அதை 9.13 என்று தசமச் செயற்கூறுக்குக் கொடுத்தால், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் எதுவும் சொல்லாது. சரியான மதிப்போ ஏறக்குறைய 9.2167. இந்த வேறுபாடு மட்டும் 5.2 நிமிடம், அதாவது சுமார் 5.2 கடல் மைல். ஆகவே இரண்டாவதற்கு ஓவர்லோடு கட்டளையை இட்டு, அதன் கீழே "தசம டிகிரி மட்டும், டிகிரி–நிமிடத்தைப் புள்ளி வைத்து எழுதக் கூடாது" என்று சேர்த்துவிடுங்கள். கட்டளைக்குப் பின் நாம் எழுதுவதும் அந்த ஆயத்த வாக்கியத்தைத் தொடர்ந்து பக்கத்தில் அச்சாகும்.

காப்பிடாக் பராம் வரிகளையும் சேர்த்தே கொண்டுவருவதால்தான் எச்சரிக்கைகள் வருகின்றன. சுருக்க விளக்கம் மட்டும் போதுமென்றால் காப்பிபிரீஃப் கட்டளையை இட்டு, பராம் வரிகளை அந்தந்தச் செயற்கூறுக்கே எழுதுங்கள். மூன்று செயற்கூறுகளுக்கும் ஒரே பெயர் என்பதால், எதிலிருந்து எடுக்க வேண்டுமோ அதன் மதிப்பு வகைகளையும் அடைப்புக்குறிக்குள் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவதற்கு என் யோசனை வேறு. அதையும் கடல் மைலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் "தூரம்கிமீ" என்று பெயர் மாற்றித் தனி விளக்கம் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி அண்ணே, ஐயாவுக்கும் நன்றி. மூன்றாவதைக் கடல் மைலுக்கு மாற்றிவிட்டேன், வரிசையும் சரியாகிவிட்டது. இனி புதிதாகச் சேர்க்கும் செயற்கூறில் பராம் வரி விடுபட்டால் டாக்ஸிஜனே சுட்டிக்காட்டுமா?

பதில் (கீழக்கரை)

காட்டும். வார்ன் நோ பராம்டாக் என்ற அமைப்பை "யெஸ்" என்று மாற்றுங்கள். இயல்பாக அது "நோ" என்றே இருக்கும். ஆனால் அலகு தவறாக எழுதப்பட்டிருந்தால் அது கண்டுபிடிக்காது. அதை நிரலைச் சரிபார்ப்பவர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.