எம்.எம்.ஏ. குளோவ்ஸ் நல்லது எது? அவசரம், ஞாயிறுக்கு முதல் சொல்லுங்கோ

கொக்குவில் பெடியன்
வணக்கம் அண்ணாமார். எம்.எம்.ஏ.க்கு (குத்து, உதை, கட்டிப் பிடிக்கிறது எல்லாம் சேந்த கலப்புச் சண்டை) நல்ல குளோவ்ஸ் ஒண்டு சொல்லுங்கோ. பயிற்சிக்கும் போட்டிக்கும் அதையே பாவிக்க வேணும். பெரியண்ணா ஞாயிறு ரொரன்ரோவில இருந்து வெளிக்கிடுறார், அதுக்கு முதல் சொன்னாத்தான் வேண்டிக்கொண்டு வருவார். இப்ப இருக்கிறது ஓன்லைனில எடுத்தது, கொஞ்ச நாளிலயே உரிஞ்சு போச்சு. அதைப் போட்டு அடிச்சா கையும் நோகுது. கெதியாச் சொல்லுங்கோ.

சுன்னாகத்தான்
தம்பி, நீர் என்ன செய்யிறீர் எண்டு தெரியாமல் என்னத்தைச் சொல்லுறது? தொங்கவிட்ட பாக் அடிக்கவோ, ஆளோட ஸ்பாரிங்கோ (பயிற்சிச் சண்டை), நிலத்தில கட்டிப் பிடிக்கிறதோ? இப்ப இருக்கிறது எத்தினை அவுன்ஸ்? கை எந்த இடத்தில நோகுது? போட்டி எண்டா எந்தப் போட்டி, யார் நடத்தினம்?

பழைய குத்துக்காரன்
இந்தக் கேள்வி இஞ்ச கனதரம் வந்து, நானே கனதரம் பதில் சொல்லியாச்சு. பழைய இழையளை வாசிச்சிட்டுக் கேட்டிருக்கலாம். இப்பவும் அதைத்தான் சொல்லுறன்: முதல் 16 அவுன்ஸ் பொக்சிங் குளோவ்ஸைப் போட்டு ஒழுங்காக் குத்தப் பழகும். மணிக்கட்டை மடக்கி அடிச்சா எந்தக் குளோவ்ஸ் போட்டாலும் கை நோகும். இப்பத்தைப் பெடியள் ரீவியில பாத்திட்டு நேர கூண்டுக்குள்ள இறங்கப் பாக்கினம்.

தோல்தான் தரம்
உண்மையான மாட்டுத்தோல் எடுங்கோ, வேற ஒண்டும் பாக்க வேண்டாம். தம்பியின்ர உரிஞ்சது பி.யூ. எண்ட செயற்கைத் தோல் எண்டு படம் பாக்காமலே சொல்லுவன். எங்கட வெக்கைக்கும் வேர்வைக்கும் மலிவான பி.யூ. நிண்டு பிடிக்காது. தாய்லாந்துத் தயாரிப்பெண்டா கண்ணை மூடிக்கொண்டு வேண்டலாம்.

நெல்லியடி நிலா
அண்ணை, தோல் எண்டா எல்லாம் தோல் ஆகாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு என்ர தோல் குளோவ்ஸ் முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சது. நல்ல மைக்ரோஃபைபர் போட்ட ஒண்டு இப்பவும் கிடக்கு, தையல்கூட விடேல்லை. மேல தெரியிறதை விட உள்ளுக்க இருக்கிற பஞ்சுதான் முக்கியம். பெருவிரலால மொளி இருக்கிற இடத்தை அமத்திப் பாருங்கோ. அமத்தின குழி உடனை நிமிர வேணும். அப்பிடியே கிடந்தா அந்தப் பஞ்சு செத்துப் போச்சு, இனி அடியை உங்கட எலும்புதான் தாங்கும்.

தோல்தான் தரம்
பூஞ்சணம் பிடிச்சது பராமரிக்காததால. தோலில பிழை இல்லை.

கைவைத்திய அக்கா
நான் பிசியோதெரபி செய்யிறன். தம்பி, குளோவ்ஸை விடும், முதல் கையைப் பாப்பம். நோகிறது பெருவிரல் அடியிலயோ, மணிக்கட்டிலயோ, சின்னி விரல் மொளியிலயோ? முட்டி பிடிச்சுப் பாரும். சின்னி விரல் மொளி மற்ற மொளியளை விடப் பதிஞ்சிருக்கோ, புறங்கை வீங்கியிருக்கோ? அப்பிடியெண்டா ஸ்பாரிங்கை நிப்பாட்டிப்போட்டு நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடும். குத்துறவைக்கு அந்த விரலுக்குக் கீழ இருக்கிற உள்ளங்கை எலும்பு கழுத்தில உடையிறது கனக்க நடக்கும். உடைஞ்ச கையோட அடிச்சா எலும்பு கோணலாப் பொருந்தும்.

கொக்குவில் பெடியன்
நன்றி அக்கா. சின்னி விரல் பக்கம்தான், கொஞ்சம் வீக்கம் இருக்கு. 4 அவுன்ஸ், சைஸ் எல். பாக், ஸ்பாரிங் எல்லாத்துக்கும் அதுதான். அண்ணாவுக்குக் கடையில என்ன கேக்கச் சொல்ல?

சுன்னாகத்தான்
4 அவுன்ஸைப் போட்டு ஆளுக்கு அடிக்கிறீரோ? தம்பி, அதை இண்டைக்கே நிப்பாட்டும். உம்மட கைக்காக மட்டும் சொல்லேல்லை, முன்னுக்கு நிக்கிற பெடியன்ர முகத்துக்காகவும் சொல்லுறன். 4 அவுன்ஸ் எண்டா சுமார் 113 கிராம். கூண்டுக்குள்ள சண்டை பிடிக்கிறதுக்குச் செய்தது. ஸ்பாரிங்குக்கெண்டு 7 அவுன்ஸ், அதாவது 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாத் தனியா விக்கினம். மொளிக்கு மேல தடிப்பு, விரல் வெளியில நிக்கும், பிடிக்கவும் ஏலும். நிண்டு குத்துறது மட்டும் எண்டா 16 அவுன்ஸ் பொக்சிங் குளோவ்ஸ். நிலத்தில உருளுறதெண்டா 7. பாக்குக்கு வேற ஒரு சோடி வையும். பாக் அடிச்சு இறுகிப்போன பஞ்சால ஆளுக்கு அடிக்கக் கூடாது.

இன்னொண்டு. அவுன்ஸ் வேற, சைஸ் வேற. அவுன்ஸ் கூடினா பஞ்சு கூடும், கை பெரிசாகாது. எஸ், எம், எல் தான் கையின்ர அளவு. தையல்காரற்ற அளவு நாடாவை எடுத்து, பெருவிரலை விட்டிட்டு, மொளிக்குக் கொஞ்சம் கீழ உள்ளங்கையைச் சுத்தி அளந்து அண்ணாவுக்கு அனுப்பும். கொம்பனிக்குக் கொம்பனி எல் மாறும். எல் எண்டு மட்டும் சொல்லி விட்டா அவர் குருட்டுவாக்கிலதான் எடுப்பார்.

பழைய குத்துக்காரன்
16 எண்டு முதலே சொன்னனான். ஆரும் கேக்கேல்லை. இந்தச் சின்னக் குளோவ்ஸே தேவையில்லாத ஒண்டு. 1993இல அமெரிக்காவில டென்வரில யூ.எஃப்.சி. எண்ட கூண்டுச் சண்டைப் போட்டி முதல்தரம் நடக்கேக்க வெறுங்கையாலதான் அடிச்சவை. வெறுங்கை எண்டா மனிசன் தலைக்குக் கண்டபடி அடிக்க மாட்டான், தன்ர கை உடையும் எண்டு தெரியும். குளோவ்ஸ் வந்துதான் தலைக்குள்ள அடி கூடினது.

வல்வெட்டித்துறை வீச்சு
எல்லாரும் வெறுங்கை இல்லை. அண்டைக்கு ஆர்ட் ஜிம்மர்சன் எண்ட குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில மட்டும் பொக்சிங் குளோவ்ஸ் போட்டு இறங்கினவர், ரொய்ஸ் கிரேசியோட தோத்துப் போனார். பிறகு 1997 ஜூலையில யூ.எஃப்.சி. 14இல இருந்துதான் குளோவ்ஸ் கட்டாயம். கை வெட்டும் முகக் கிழிவும் குறையத்தான் போட்டது.

பழைய குத்துக்காரன்
கிழிவு குறையும், மூளைக்குள்ள போற அதிர்வு குறையாது. உமக்கு விளங்கேல்லை.

வல்வெட்டித்துறை வீச்சு
எனக்கு விளங்குது அண்ணை. வெறுங்கையால மூளை தப்பும் எண்டு நீங்கள் சொல்லுறதைத்தான் ஏற்க ஏலாது. குளோவ்ஸ் கைக்குக் காவல், தலைக்குக் காவல் இல்லை. அதாலதான் ஸ்பாரிங்கில அடியின்ர வேகத்தைக் குறைக்கச் சொல்லுறது. குளோவ்ஸின்ர வடிவமும் சின்ன விசயம் இல்லை. கண்ணில விரல் குத்துறதைக் குறைக்கவெண்டு யூ.எஃப்.சி. 2024 ஜூனில விரல் வளைவு மாத்தின புதுக் குளோவ்ஸ் கொண்டு வந்தது. வீரர்கள் கனபேருக்குப் பிடிக்கேல்லை, அந்த நவம்பரிலயே பழையதுக்குத் திரும்பிப் போனவை.

நெல்லியடி நிலா
கண் எண்டதும் சொல்லுறன், வெல்குரோ பட்டியின்ர நுனியையும் பாருங்கோ. மணிக்கட்டை ரெண்டு சுத்து சுத்தி, நுனி வெளியில நீட்டாமல் முடிய வேணும். நீட்டின வெல்குரோ கட்டிப் பிடிக்கேக்க மற்றாளின்ர கழுத்தையும் கண்ணிமையையும் அரம் மாதிரி உரசும். என்னோட பழகிற தங்கச்சிக்குக் கண்ணுக்குக் கீழ தோல் போனது அப்பிடித்தான்.

தோல்தான் தரம்
வெல்குரோவும் தாய்லாந்துக்காரன் நல்லாத் தைப்பான்.

சங்கானை சந்தை
பாகிஸ்தானில சியால்கோட் எண்ட ஊர் உலகம் முழுக்க விளையாட்டுச் சாமான் செய்து அனுப்புது. அங்க தைச்சதுக்குப் பேர்போன கொம்பனியளின்ர பேர் குத்தி விக்கினம். நாட்டைப் பாத்துத் தரம் சொல்ல வெளிக்கிட்டா காசுதான் போகும்.

தோல்தான் தரம்
சியால்கோட்டில நல்லதும் இருக்கு, குப்பையும் இருக்கு. தாய்லாந்தில குப்பை குறைவு எண்டுதான் சொல்லுறன்.

மேற்பார்வை
நாட்டுச் சண்டையை வேற இழையில வைச்சுக்கொள்ளுங்கோ. பெடியனுக்கு ஞாயிறுக்கு முதல் பதில் வேணும்.

சுன்னாகத்தான்
சரி. தம்பி, அண்ணாவுக்கு இப்பிடிச் சொல்லும். 7 அவுன்ஸ் ஸ்பாரிங் குளோவ்ஸ். கடையில போட்டுப் பாக்கேக்க, உம்மட கை அளவுள்ள ஆள் போட்டு முட்டி பிடிக்க வேணும். பலம் போடாமல் முட்டி இறுகினாச் சரி. முட்டி பிடிக்கவே கை களைச்சா, அடிக்கேக்க விரல் விரிஞ்சு நிக்கும், விரிஞ்ச முட்டியாலதான் சின்னி விரல் பக்கம் எலும்பு போறது. பஞ்சு சின்னி விரல் மொளியையும் முழுக்க மூட வேணும். மலிவானதுகளில முதல் ரெண்டு மொளிக்குத்தான் பஞ்சு தடிப்பா இருக்கும், உம்மட கேசும் அதுவா இருக்கலாம். விரலுக்கு இடையில போற துண்டு கவட்டை வெட்டக் கூடாது. பெருவிரலுக்கு மூடி உள்ளதும் இருக்கு, இல்லாததும் இருக்கு. குத்துறது கூட எண்டா மூடி உள்ளது, கழுத்துப் பிடி, கைப்பூட்டு கூட எண்டா திறந்தது.

போட்டிக்கெண்டு இப்ப வேண்டாதையும். பெரிய போட்டியளில நடத்துறவையே குளோவ்ஸ் தருவினம், உம்மடதைப் போட விடாயினம். அமெச்சூர் எண்டா அவையின்ர விதியை எழுத்தில வேண்டும். ஐ.எம்.எம்.ஏ.எஃப். (சர்வதேச எம்.எம்.ஏ. சம்மேளனம்) விதிப்படி நடத்தினா ரேஷ்கார்ட்டும் (உடம்போட ஒட்டின சட்டை) சின்கார்ட்டும் (கணைக்கால் கவசம்) சேத்துப் போட வேண்டிவரும். போட்டிக் குளோவ்ஸுக்குப் போற காசுக்கு நல்ல வாய்க்கவசம் ஒண்டு எடும்.

கைவைத்திய அக்கா
உள்ளுக்கு என்ன சுத்துறீர் எண்டு தம்பி இன்னும் சொல்லேல்லை. பொக்சிங்குக்கு வாற நாலரை மீற்றர் நீட்டுத் துணி 4 அவுன்ஸுக்குள்ள அடங்காது, கை மரத்துப் போகும். அதில பாதிக்குக் கொஞ்சம் கூடின நீளம் காணும். ஒண்டும் சுத்தாமல் அடிக்கிறதெண்டா நோ அதாலயும் வரும்.

நெல்லியடி நிலா
எதை வேண்டினாலும் பழகி முடிஞ்ச உடனை வெல்குரோவை முழுக்கத் திறந்து, உள்ளுக்கு வீரகேசரியோ உதயனோ ஒரு தாளைக் கசக்கி வைச்சு, ஃபானுக்குக் கீழ விடுங்கோ. வெயிலில போட்டாத் தோல் விறைச்சு வெடிக்கும். கொண்டு போற பைக்குள்ள ஈரத்தோட பூட்டி வைச்சா மணம் மட்டுமில்லை, படர்தாமரை உங்களிட்ட இருந்து எல்லாருக்கும் போகும். இரவல் குடுக்க வேண்டாம்.

பழைய குத்துக்காரன்
கடைசியா ஒண்டு. நான் கடுமையாத்தான் கதைக்கிறன், பெடியள் கையை உடைச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாத்துப் பாத்து வந்த கடுமை. மணிக்கட்டு நேராப் போகுதோ எண்டு கண்ணாடிக்கு முன்னால பாரும்.

சுன்னாகத்தான்
தம்பி, சனிக்கிழமை ஆயிட்டுது. அண்ணாவுக்குச் சொன்னீரோ? எக்ஸ்ரே?

கொக்குவில் பெடியன்
மன்னிக்கோணும், டேட்டா முடிஞ்சிட்டுது. எக்ஸ்ரேயில உடைவு இல்லையாம், கொஞ்சக் காலம் அடிக்க வேண்டாமாம். 7 அவுன்ஸ் வேண்டிட்டார். எல்லாருக்கும் நன்றி.

கைவைத்திய அக்கா
சந்தோசம். வீக்கம் முழுக்க வத்தி, முட்டி நோகாமல் இறுகினாப் பிறகு மெதுவாத் தொடங்கும்.

தோல்தான் தரம்
எந்தக் கொம்பனி தம்பி? தோலோ?

சங்கானை சந்தை
பெருவிரல் மூடினதோ திறந்ததோ எண்டும் சொல்லும். என்ர மகளுக்கும் ஒண்டு எடுக்க வேணும், அவவின்ர கை சுத்தளவு ஆறரை அங்குலம்.