லாரிக்காரன் குளம்பைப் பார்த்தானா, எப்போ பார்த்தான்?

நடுச்சாமம்:
நேத்து இன்னொரு இழையில ஒருத்தர் போறபோக்குல தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கார்: நாட்டார் கதையில நகைச்சுவையைக் கலந்தா ரெண்டும் கெடுமாம், அதுக்கு 'டீர் வுமன்' (மான் பெண்) எபிசோடே சாட்சியாம். படிச்சதுலேருந்து தூக்கம் போச்சு. தெரியாதவங்களுக்கு: 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஹாரர்'னு ஒரு திகில் தொகுப்புத் தொடர், அதாவது எபிசோடுக்கு எபிசோடு வேற கதை, வேற ஆளுங்க. முதல் சீசன், 2005, ஷோடைம் சேனல். மொத்தம் 13 கதை, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுல ஒண்ணுதான் 'டீர் வுமன்'. ஜான் லாண்டிஸ் தன் மகனோட சேர்ந்து எழுதினார், இயக்கினது அவர்.

ஃபாரடேன்னு ஒரு துப்பறியும் அதிகாரி. ஓரங்கட்டி, விலங்கு சம்பந்தப்பட்ட புகாரா பார்த்துப் பார்த்து அவன் தலையில கட்டியிருப்பாங்க. ஒரு லாரி ஓட்டுநர் மிதிபட்டுக் கூழாக் கிடக்கிறான். தடயமெல்லாம் குளம்பு. இது எப்படி நடந்திருக்கும்னு ஃபாரடே ஒவ்வொரு விதமா மனசுக்குள்ள ஓட்டிப் பார்ப்பான் பாருங்க, அதுல ஒண்ணுல கட்டம்போட்ட சட்டை போட்டுக்கிட்டு ஒரு மான் ஆசாமி! நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். கடைசியில நிஜம் இதைவிடக் கிறுக்குத்தனமா இருக்கு. சிரிச்ச வாய் மூடுறதுக்குள்ள பயம் வருது. இதுல எது கெட்டுப்போச்சு?

ஏட்டுச்சுவடி:
அந்த 'ஒருத்தர்' அடியேன்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மான் பெண் கதை மஸ்கோகி, செரோக்கி, சோக்டாவ், செமினோல் முதலான அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் வழங்குவது. அழகியாக வந்து மயக்குவாள். முகத்திலேயே லயித்தவன் தொலைந்தான். காலைப் பார்த்து இன்னாள் என்று கண்டுகொண்டவன் தப்பித்தான். கதையின் உயிர்நாடியே அந்தக் கால்தான். எபிசோடில் லாரிக்காரன் குளம்பைப் பார்க்கிறான். பார்த்தும் சாகிறான். விதியை உடைத்துவிட்டு அதை நாட்டார் கதை என்று எப்படிச் சொல்வது?

நடுச்சாமம்:
பார்த்தான் சரி. எப்போ பார்த்தான்? லாரிக்குள்ள ஏறி உக்காந்தப்புறம். வெளியிலேயே பார்த்திருந்தா ஓடியிருப்பான்ல? விதி உடையல, இவன்தான் லேட்டு.

ஏட்டுச்சுவடி:
வழக்கில் 'காலைப் பார்' என்றுதான் இருக்கிறதே தவிர 'சீக்கிரம் பார்' என்று இல்லை.

பாப்கார்ன்பாண்டி:
நம்மூர்ப் பேய்க்குக் காலே கிடையாது. நாம எதைப் பார்த்துத் தப்பிக்கிறதாம்?

ஏட்டுச்சுவடி:
பாண்டி, இது விளையாட்டு இழை அல்ல.

பாப்கார்ன்பாண்டி:
நகைச்சுவையைப் பத்தின இழையில சிரிக்கக் கூடாதா? ரொம்ப நல்லா இருக்கு சாமி.

கண்மணி:
ஒரு சந்தேகம். 'நாட்டார் கதை'ன்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? ஏன்னா அந்தக் கதை ஊருக்கு ஊர் மாறுது. சில இடத்துல புகையிலையும் மந்திரமும் வச்சு அவளை விரட்டுவாங்க. சில இடத்துல அவ பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவல். இதுல எந்த வடிவத்தை லாண்டிஸ் கெடுத்தார்னு முதல்ல முடிவு பண்ணிக்கலாமே?

நடுச்சாமம்:
அதை அப்புறம் பார்ப்போம் கண்மணி. ஏட்டுச்சுவடி ஐயா, கேள்விக்கு வாங்க. லாரி கேபின் தரையிலேருந்து எவ்வளவு உயரம்? படி வச்சுத்தானே ஏறணும்? காலை மறைக்கிற உடுப்போட ஒரு பொம்பளை அந்தப் படியில ஏறுறா. துணியைக் கொஞ்சமாவது தூக்காம ஏற முடியாது. பக்கத்துல நிக்கிறவனுக்கு அப்பவே குளம்பு தெரிஞ்சிருக்கணும். அவன் கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு. நீங்க சொன்ன அதே விதி! முகத்துல லயிச்சான், தொலைஞ்சான். லாண்டிஸ் உடைக்கல, அச்சு மாறாம எடுத்து வச்சிருக்கார்.

ஏட்டுச்சுவடி:
படியில் ஏறும் காட்சி எபிசோடில் இருக்கிறதா, தங்கள் கற்பனையா?

நடுச்சாமம்:
ஏறாம எப்படி உள்ள போனா? பறந்தா?

பாப்கார்ன்பாண்டி:
மானாச்சே, தாவியிருப்பா.

ஏட்டுச்சுவடி:
கற்பனைதான் என்று ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. இன்னொன்று. அந்தக் காசினோ காட்சி. பழங்குடி ஊழியர் கதையைச் சொல்லி முடித்ததும் 'ஏன் கொல்கிறாள்?' என்று கேட்கிறார்கள். உங்களுக்கெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒரு காரணம் வேண்டுமா, அவள் மான் கால் உள்ள பெண், அவ்வளவுதான் என்கிற மாதிரி பதில் வருகிறது. ஒரு மக்களின் கதையை எழுதியவரே பொருளற்றது என்று தள்ளிவிடுகிறார்.

கண்மணி:
எனக்கு அந்தக் காட்சி நேர்மாறாப் பட்டுச்சு. அங்க கிண்டல் கதை மேல இல்லை, 'ஏன் ஏன்'னு குடையுற போலீஸ் மேல. அதோட, சிரிப்புக் கலந்தா கதை கெடும்னா 'ரிசர்வேஷன் டாக்ஸ்' தொடரை என்ன பண்றது? 2021இலேருந்து 2023 வரை வந்தது, கதை நடக்கிறது ஓக்லஹோமாவுல. உருவாக்கின ரெண்டு பேர்ல ஸ்டெர்லின் ஹார்ஜோ செமினோல், மஸ்கோகி வழி வந்தவர். அதுலயும் மான் பெண் வர்றா. 'பிக்'ங்கிற போலீஸ்காரர் சின்னப் பையனா இருந்தப்போ அவளைக் கடையில பார்த்ததை மறக்கவே மாட்டார். கெட்டவங்களை அவ என்ன பண்றாள்னு பார்த்துட்டு, நல்லவனா இருக்கணும்னு பயந்தே வளர்றார். தொடர் முழுக்கச் சிரிப்புதான். கதைக்குச் சொந்தக்காரங்களே சிரிக்கிறாங்க.

ஏட்டுச்சுவடி:
அது திகில் தொகுப்புத் தொடர் அல்ல. தலைப்புக்குள் பேசுங்கள்.

நடுச்சாமம்:
கண்மணி சொன்னது சரி, ஆனா அங்கயும் அவளுக்குக் குளம்புதான். பையன் பார்த்தான், பிழைச்சான். நான் சொன்னதுதான்!

கண்மணி:
நான் அதைச் சொல்லவே இல்லை.

நாற்காலிமனிதன்:
1974லேயே இதையெல்லாம் 'கோல்சாக்'ங்கிற டிவி தொடர்ல செஞ்சு முடிச்சாச்சு. சிகாகோவுக்கு நம்ம ராட்சசனே வந்தான். எதிராளி யாரை ரொம்ப நம்புறானோ அந்த உருவத்துல வந்து நிப்பான். குறுக்குவில்லால அடிச்சாத்தான் சாவு. இதுக்கு நடுவுல பத்திரிகை ஆபீஸ்ல ஆசிரியரோட ஓயாத சண்டை, ஒரே சிரிப்பு. லாண்டிஸ் எல்லாம் பொடிப்பய.

நடுச்சாமம்:
கோல்சாக் தொகுப்பே இல்லை. எல்லா எபிசோடுலயும் அதே நிருபர். போன மாசமும் இதையே சொன்னீங்க, அப்பவும் திருத்தினேன்.

நாற்காலிமனிதன்:
போன மாசம் நீங்க திருத்தல, கத்தினீங்க. வாராவாரம் வேற பூதம் வந்தா எனக்கு அது தொகுப்புதான்.

பாப்கார்ன்பாண்டி:
'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' சுத்தமான தொகுப்பு, 1989 டு 1996. எலும்பும் தோலுமா ஒரு பொம்மை வந்து சிலேடை பேசிட்டுத்தான் கொலையை ஆரம்பிச்சு வைக்கும். யாரும் கெட்டுப்போகல.

ஏட்டுச்சுவடி:
அது படக்கதைப் புத்தகங்களிலிருந்து வந்தது, நாட்டார் வழக்கு அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

பாப்கார்ன்பாண்டி:
அந்த வித்தியாசம் என்னன்னுதான் கண்மணி அக்கா அப்பவே கேட்டாங்க. நீங்க பதிலே சொல்லல.

ஏட்டுச்சுவடி:
ஓட்டுநர் பார்த்தான். பார்த்தும் செத்தான். இதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நடுச்சாமம்:
நாலு தடவை சொல்லியாச்சு! தாமதமாப் பார்த்தான்!

கண்மணி:
உண்மையைச் சொல்லுங்க, ரெண்டு பேரும் கடைசியா இதை எப்போ பார்த்தீங்க?

நாற்காலிமனிதன்:
ஹா ஹா.

ஏட்டுச்சுவடி:
என் நினைவாற்றல் மீது யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1981இல் லண்டனில் நடந்த ஓநாய்த் தாக்குதலைப் பற்றி அதில் ஒரு வசனம் வரும். தமது பழைய ஓநாய் மனிதன் படத்தை லாண்டிஸ் தாமே நினைவூட்டிக்கொண்டது. அடுத்தவர் மரபை எடுத்து, நடுவில் தன் பழம்பெருமையைச் செருகுவது. இதைத்தான் கலப்படம் என்கிறேன்.

நடுச்சாமம்:
அந்த வசனத்துக்கு நான் கைதட்டினவன். பிடிக்கலைன்னா விட்டுடுங்க. ஆனா படியைப் பத்திக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. சரி, படி வேண்டாம், சத்தத்துக்கு வருவோம். தார் ரோட்டுல குளம்பு வச்சு நடந்தா 'டக் டக்'னு கேக்காதா? பாரிலேருந்து லாரி வரைக்கும் அவ கூடவே நடந்து வந்திருக்கான். கேட்டும் கண்டுக்காம வந்தவனை எந்த மரபு வந்து காப்பாத்தும்?

ஏட்டுச்சுவடி:
காலைப் 'பார்' என்றுதான் வழக்கு. 'கேள்' என்று இல்லை.