படுக்கையருகே எடுக்கும் இரத்தம்: மாதிரி சேகரிப்பவர்களின் அனுபவங்கள்

ஆய்வக நுட்புநர், கோவை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தபோது, கடுங்காய்ச்சலும் நடுக்கமுமாகச் சேர்க்கப்பட்ட ஒரு பெரியவருக்கு இரத்த கல்ச்சர் (இரத்தத்தைப் பாட்டிலில் இட்டு அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க அழைத்தார்கள். நான் சென்றபோது செவிலியர் ஆன்டிபயாடிக் மருந்தை ஏற்றத் தயாராக நின்றார். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் கிருமி இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம் என்பதால் சில நிமிடம் பொறுக்கக் கேட்டேன். அவரும் உடனே இசைந்தார். இரு கைகளிலும் தனித்தனியே குத்தி, கைக்கு இரண்டு பாட்டில், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி என்று நான் எடுத்ததைப் பார்த்த அவருடைய மகன், "சோர்ந்து கிடக்கிறவரிடம் இவ்வளவு ரத்தத்தையும் உறிஞ்சுகிறீர்களே" என்று கோபப்பட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூடத் தேறாத நிலையிலும் நோய் கடுமையாக இருக்கலாம் என்பதையும், தோலில் இயல்பாக வாழும் கிருமி ஒரு கையின் மாதிரியில் மட்டும் வளர்ந்தால் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம், இரண்டிலும் வளர்ந்தால் அப்படி ஒதுக்க முடியாது என்பதையும் எடுத்துச் சொன்ன பிறகே அவர் சமாதானமானார்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி தடவிய இடம் தானாக உலர வேண்டும். ஊதுவதும் விசிறுவதும் கூடாது. உலர்ந்த பின் இரத்தக் குழாய் எங்கே என்று விரலால் மறுபடி தடவிப் பார்ப்பதே நான் அதிகம் காணும் தவறு. பட்டர்ஃப்ளை ஊசியில் எடுக்கும்போது அதன் குழாயில் உள்ள காற்றுதான் முதலில் பாட்டிலுக்குள் போகும் என்பதால், இரண்டு பாட்டில்களில், காற்று இருந்தால் வளரும் கிருமிக்கான பாட்டிலை முதலில் நிரப்புவது முறை. இதுபோன்ற தனி முறைகளில் உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவுச் செவிலியர், மதுரை

எங்கள் பிரிவில் ஊசியைவிடப் பாட்டிமார்களைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. "பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளையின் காலிலா குத்துவது?" என்று கேட்காதவர் குறைவு. குதிகாலின் பின்வளைவில் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே குத்துவதில்லை. பாதத்தின் அடிப்பக்கத்தில், குதிகாலின் உள்ளோரத்திலோ வெளியோரத்திலோ, 2 மில்லிமீட்டர் ஆழத்திற்கு மிகாத லான்செட்டால் (சிறு குத்தூசி) குத்துகிறோம். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் குழந்தை குறைவாக அழும் என்பதால் நான் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறேன். முதல் துளியில் திசு நீர் கலந்திருக்கும் என்பதால் அதைத் துடைத்துவிட வேண்டும். பிறவித் தைராய்டு குறைபாட்டைக் கண்டறிய இரத்தத் துளியைச் சேகரிக்கும் அட்டையில் ஒரு வட்டத்தை ஒரே பெரிய துளியால் நிரப்ப வேண்டுமே தவிர, போதவில்லை என்று மேலே இன்னொரு துளி வைக்கக் கூடாது. வெயிலில் காயவைக்கவும் கூடாது.

ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், கும்பகோணம்

நீங்கள் இருவரும் மருத்துவமனைக்குள் நடந்தவற்றை எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் யானைக்கால் நோய்க்கான இரத்தத்தை வீட்டு வாசலில், அதுவும் ஊர் அடங்கிய பிறகு எடுத்தோம். இந்நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்கி, கொசு கடிக்கும் இரவு வேளையில் மட்டும் தோலோரக் குழாய்களுக்கு வருகின்றன. 1870களில் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் கண்டறிந்த உண்மை இது. இரவு 10 மணி முதல் 2 மணி வரை அவை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் கதவைத் தட்டினால் யார் மகிழ்ச்சியோடு திறப்பார்கள்? கையில் டார்ச்சும் இரத்தம் தடவும் கண்ணாடித் தகடுகளும் வைத்திருந்த எங்களைத் திருடர் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. தெருவில் எல்லோரும் மதிக்கும் ஒருவரை முன்னே நிறுத்தி, அவர் விரலில் முதலில் குத்தினால், மற்ற வீடுகள் தாமே திறந்துகொள்ளும்.

ஒருவருக்கு 20 கன மில்லிமீட்டர் இரத்தம் போதும். அதைத் தடித்த தடவலாக இழுத்து, எறும்பும் பூச்சியும் மொய்க்காமல் உலர்த்துவதே பெரும்பாடு. மறுநாள் செந்நிறம் போக நீரில் அலசிச் சாயமேற்றினால், வளைந்து கிடக்கும் புழுக்கள் நுண்ணோக்கியில் தெரியும். டை எத்தில் கார்பமசின் என்ற யானைக்கால் நோய் மாத்திரை கொடுத்துப் பகலிலேயே புழுக்களை வெளிவரச் செய்யும் வழியும் உண்டு. இப்போது 75 மைக்ரோலிட்டர் இரத்தத்தில் புழுவின் ஆன்டிஜெனை (புழுவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருள்) கோடாகக் காட்டும் பட்டை வந்துவிட்டது. அதற்கு இரவும் பகலும் ஒன்றே. ஆனால் 10 நிமிடத்தில் படிக்க வேண்டியதை, மற்ற வேலையை முடித்துவிட்டு மெதுவாக வந்து படித்தால், இல்லாத கோடு தோன்றிவிடும்.

தாதிய உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். மாம்பழக் காலத்தில் எங்கள் விடுதியில் (வார்டில்) ஒரு ஐயாவுக்குக் குளுக்கோமீட்டர் 340 என்று காட்டியது. அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத் தோல் கிடந்ததைக் கண்டு, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவச் செய்து மீண்டும் குத்தியபோது 152 வந்தது. மதுசாரம் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சு விரலில் ஒட்டிய பழச்சாற்றை முழுதாக அகற்றாது. குருதியமுக்கம் மிகவும் வீழ்ந்தவர்களிடம் விரற்குருதியை நம்பி இன்சுலின் அளவைத் தீர்மானிப்பதும் ஆபத்து.

மருத்துவர், சென்னை

ஒரு வார்டில் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நோயாளிக்குப் பொட்டாசியம் 9க்கு மேல் என்றும் கால்சியம் மிகக் குறைவு என்றும் அறிக்கை வந்தது. இசிஜி இயல்பாக இருந்தது. இந்த இரண்டும் ஒருசேர வந்தால் முதலில் ஊதா மூடிக் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அதில் இட்டுள்ள ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. விசாரித்தபோது, சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் போதாமல் ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றியது தெரியவந்தது. ஹெப்பாரின் (உறைதலைத் தடுக்கும் மருந்து) உள்ள சிரிஞ்சில் புதிதாக எடுத்து, பக்கத்துப் பிரிவில் இருந்த இரத்த வாயுக் கருவியில் வைத்தபோது சில நிமிடங்களில் பொட்டாசியம் 4.3 என்று இயல்பாகவே வந்தது. அந்தக் கருவி முழு இரத்தத்தையே அளப்பதால், சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அதில் அளவு கூடுதலாக வந்தால், சிகிச்சையைத் தாமதிக்காமலே ஆய்வகத்துக்கும் ஒரு மாதிரி அனுப்பி, சுழற்றிப் பிரித்த சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.